தாமதம் யாருடையது

முதல் தடவை அந்தச் சத்தம் எனக்குப் பின்னால் வந்தபோது, பக்கத்து வீட்டில் யாரோ கிட்டார் வாசிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கஷாயம் வைப்பார்கள். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். அங்கே டிவியில் யாரோ கன்னடத்தில் அழுதுகொண்டிருந்தார்கள், கிட்டார் இல்லை. மறுபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கிற ஒரு கார்டு அடித்தேன். கை எல்லாக் கம்பிகளையும் தாண்டிக் கீழே வந்துவிட்டது, காதில் ஒன்றுமில்லை. ஒரு கண் சிமிட்டலுக்குப் பிறகு அந்தக் கார்டு தன்பாட்டுக்கு நிதானமாக வந்து சேர்ந்தது.

அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆராதனையும் சாப்பாடும் முடிந்த நேரம். ஷீட் கூரை சூடேறி, மேலே யாரோ நடப்பது போல டொக் டொக்கென்று சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து அடித்த காற்றில் ஜன்னல் திரை உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. என் மனைவி உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மேஜை முன்னால் உட்கார்ந்து கார்டுக்கு மேல் கார்டாக அடித்து, ஒவ்வொன்றும் தாமதமாக வந்து சேர்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தாமதம் என் கையில் இல்லை, மிஷினில்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

பதினேழு வயதிலிருந்து எங்கள் சபையின் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிக்கிறேன். சுரங்கம் ஓடிய காலத்தில் வாசித்தேன். மூடிய பிறகும் வாசித்தேன். எல்லாரையும் போல விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் வாசித்தேன். கிறிஸ்மஸ் மாதத்தில் லைன் லைனாகப் பாடிக்கொண்டு கேரல் போவோம். ஜனங்கள் எங்கள் குரலைக் கேட்டு அல்ல, என் கிட்டாரைக் கேட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அது எவ்வளவு உண்மை என்று நான் யாரிடமும் விசாரித்ததில்லை.

போன வருஷம் ஒரு நாள் காலை, ரயில் பங்காருப்பேட்டையைத் தாண்டியதும், பேண்ட்டின் இடது பையிலிருந்த பாஸை எடுக்கப் போனேன். இடது கை எடுக்கவில்லை. யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருளைப் போல அது என் மடியில் கிடந்தது. மூளையில் சின்ன அடைப்பு என்றார்கள். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தேன் என்றார்கள். பேச்சு போகவில்லை, நடை போகவில்லை. மூன்றாவது மாதம் சட்டைப் பொத்தானை நானே போட்டேன். ஐந்தாவது மாதம் மறுபடி ரயிலேறினேன். மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும், நான் சொல்வதைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் செய்கின்றன. டாக்டர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கிட்டார் வாசிப்பவர் இல்லை.

குழுவுக்குத் திரும்பிப் போன முதல் நாளே எல்லாரும் கை தட்டினார்கள். பாட்டும் நன்றாக வந்தது. அடுத்த வாரமும் நன்றாக வந்தது. அதற்கடுத்த வாரமும். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. உச்சக் குரல் பாடுகிற எங்கள் சோப்ரானோ வரிசையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் இருக்கிறார். ஊருக்கு முன்னால் ஓடுகிற குரல். இருபது வருஷமாக நான் அவரைக் கிட்டாரால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் இப்போது ஓடவே இல்லை. அடிக்குரலில் பேஸ் பாடுகிற ஆள், கூட்டமே முடித்த பிறகும் ஒரு இழுப்பு இழுப்பார். அவரும் ஒழுங்காக முடித்தார். முப்பது பேர் ஒரே நேரத்தில் திருந்திவிட்டார்கள் என்றால் ஒன்று பரிசுத்த ஆவி இறங்கியிருக்க வேண்டும், இல்லை என் கண்ணைக் கட்டுகிறார்கள். என் மனைவியும் அதே குழுவில் ஆல்ட்டோ பாடுகிறாள். அவளிடம் கேட்டேன். நன்றாகத்தானே இருக்கிறது, இன்னாத்துக்குச் சும்மா நோண்டுறீங்க என்றாள்.

ஆகஸ்ட் முடியும்போது போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், எதையும் நேராகச் சொல்ல மாட்டார். காப்பி கொடுத்தார், ரயில் கூட்டத்தைப் பற்றிப் பேசினார், கடைசியில் வந்தார்.

"கேரலுக்கு நீங்களே வாசிக்கிறீங்களா தம்பி, இல்ல இந்த வருஷம் ரெஸ்ட் எடுத்துக்கிறீங்களா? அறுப்பின் பண்டிகைக்குள்ள சொன்னீங்கன்னா போதும்."

அந்த ரெஸ்ட் என்ற வார்த்தை என் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. விளைச்சலைக் கோயிலில் படைக்கிற அந்தப் பண்டிகைக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். என் கை தாளத்தில் வருகிறது என்றால் நான்தான் கேரலுக்கு வாசிப்பேன், யார் சொன்னாலும் விட மாட்டேன். வரவில்லை என்றால், இன்னொருவர் சொல்லும்வரை காத்திருக்காமல் நானே கிட்டாரைக் கீழே வைத்துவிடுவேன். ஆனால் வருகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? செல்போனில் டிக் டிக்கென்று தாளம் வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். என் காதுக்கு எல்லாம் சரியாகவே பட்டது. அடைபட்டுத் திறந்த மூளையின் காது அது. அதன் சாட்சியை நான் நம்பவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும். கணினியில் தாளத்தை ஓடவிட்டு, அதன் மேல் வாசித்துப் பதிவு செய்தால், திரையில் ஒவ்வொரு அடியும் தாளக் கோட்டின் மேல் விழுந்ததா, தள்ளி விழுந்ததா என்று தெரியும். அப்படித்தான் கிட்டாரைக் கணினியோடு இணைக்கிற சின்னப் பெட்டி ஒன்று எங்கள் மேஜைக்கு வந்தது.

பெட்டி வந்த அன்றே இந்தச் சந்தோஷம். அளக்க வந்த கோலே கோணல்!

எங்கள் ரயில் பெட்டியில் எதிர் சீட்டில் வருகிற பெண் ஒருத்தி உண்டு. ஆண்டர்சன்பேட்டைக்காரி. பெங்களூரில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவில் சத்தத்தை வெட்டி ஒட்டுகிற வேலை. உதடு அசைவதும் குரல் வருவதும் ஒரு துளி விலகினாலும் அவளுக்குச் சோறு இறங்காது. எட்டு வருஷப் பழக்கம். நான் தங்கச்சி என்பேன், அவள் அண்ணா என்பாள். திங்கட்கிழமை காலை அவளிடம் பெருமையாகச் சொன்னேன், என் கம்ப்யூட்டர் லேட்டு என்று. என்ன ஹெட்ஃபோன் மாட்டினீர்கள் என்று கேட்டாள். புளூடூத் என்றேன். மாலூர் ஸ்டேஷன் வரைக்கும் சிரித்தாள். அதில் பாட்டுக் கேட்கலாமாம், வாசிக்கக் கூடாதாம். காற்றில் அனுப்புவதற்குச் சத்தத்தை மடித்துக் கட்டி, அந்தப் பக்கம் பிரித்துத் தருவதற்கே அவ்வளவு நேரம் ஆகுமாம். முதலில் வயர் வைத்த ஒன்றை மாட்டுங்கள் என்றாள்.

அடுத்த ஞாயிறு வயர் மாட்டினேன். தாமதம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் முழுக்கப் போகவில்லை. இப்போது அந்தக் கார்டு பக்கத்து வீட்டிலிருந்து வரவில்லை, எங்கள் சமையலறையிலிருந்து வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். மறுநாள் ரயிலில் அவள் அதற்கும் வழி சொன்னாள்.

"கொழாய்ல கொடம் வெச்சித் தண்ணி புடிக்கிறோம் இல்லண்ணா, கொடம் ரொம்பாம தூக்க மாட்டோம். உங்க கம்ப்யூட்டரும் அப்படித்தான். சத்தத்தப் புடிச்சி வெச்சி, ரொம்பினாத்தான் தூக்கிக்கினு வரும். கொடத்தச் சின்னது பண்ணுங்க."

பஃபர் என்று ஒரு இடம் இருக்கும், அங்கே ஆயிரத்து இருபத்து நான்கு என்று போட்டிருக்கும், அதுதான் குடத்தின் அளவு, பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள் என்றாள். ஒரேயடியாகச் சொம்பு ஆக்கிவிட்டால் என்ன என்று கேட்டேன். சீக்கிரம் வரும், ஆனால் தூக்குகிறவன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மூச்சு வாங்கும் என்றாள். தண்ணீர் வண்டிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய ஊர்க்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அப்படி ஆரம்பித்தவைதான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள். இப்போது யோசித்தால் அவை எல்லாம் ஒரே மத்தியானமாகத்தான் நினைவில் இருக்கின்றன. அதே சூடான கூரை, அதே திரை, கிட்டாரின் வளைவில் விழுந்து மெதுவாக என் முழங்கைக்கு ஏறுகிற அதே வெயில். ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்குக் குறைத்தேன். ஒரு வாரம் விட்டு இருநூற்று ஐம்பத்தாறு. நூற்று இருபத்தெட்டுக்கு வந்தபோது ஹெட்ஃபோனுக்குள் கடுகு வெடித்தது. தூக்குகிறவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று புரிந்தது. அவள் சொன்னபடி கணினியில் திறந்து கிடந்த மற்றதையெல்லாம் மூடினேன், வைஃபையை அணைத்தேன், பேட்டரியை மிச்சம் பிடிக்கிற ஏற்பாட்டை நிறுத்தினேன். கணினியில் ஏற்கெனவே இருந்த பொது டிரைவர் மென்பொருளை விட்டுவிட்டு, அந்தப் பெட்டிக்கென்றே உள்ள டிரைவரைத் தேடிப் போட்டேன். கடுகு ஒவ்வொன்றாக அடங்கியது. சில பெட்டிகளில் கணினிக்குள் போகாமலே கிட்டாரை நேராகக் கேட்பதற்கு ஒரு குமிழ் இருக்குமாம். என் பெட்டியில் அது இல்லை. இருந்திருந்தால் முதல் நாளே என் கதை முடிந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அவசரமும் இல்லை. ஒரு மத்தியானத்தில் செய்ய வேண்டிய வேலையை நான் ஐந்து வாரமாகச் செய்தேன். அந்தத் தாமதம் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தால் எனக்குப் பின்னால் இன்னொருவன் வாசித்துக்கொண்டு வருவான். முன்னால் போகிறவன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவன். பின்னால் வருகிறவன் பழைய ஆள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சாம்பியன் ரீஃப் சுரங்கத்துப் பக்கம் ஒரு லைனில் எங்கோ பின்தங்கிவிட்டான், கொஞ்சம் நின்றால் வந்து சேர்ந்துகொள்வான். நான் கார்டை அடித்துவிட்டு அவனுக்காக நிற்பேன். அவன் வருவான். இப்படியே தூக்கமும் விழிப்பும் இல்லாத ஒரு இடத்தில் இரண்டு பேரும் போய்க்கொண்டிருப்போம். வேலைக்குப் போகிற ரயிலிலும் ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டு, தட்டிய சத்தம் எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கியிருந்தேன். எதிர் சீட்டுத் தங்கச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

குடம் சின்னதாக ஆக, அவன் நெருங்கி வந்தான். சமையலறையிலிருந்து இந்த அறைக்கு வந்தான். பிறகு நாற்காலிக்குப் பின்னால் நின்றான். நூற்று இருபத்தெட்டில் கடுகும் அடங்கிய அன்று, அவனைக் காணவில்லை. நான் அடிக்கிறேன், கேட்கிறது, அவ்வளவுதான். இனி மிச்சம் இருக்கிற தாமதம், ஸ்பீக்கருக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் காற்றிலேயே ஆகிற தாமதம்தான், அதற்கு மேல் கடவுளிடம்தான் கேட்க வேண்டும் என்றாள் தங்கச்சி. எனக்குத் துக்கமாக இருந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. காதுக்கு வரும் தாமதம் போனாலும், பதிவாகும்போது ஒவ்வொரு அடியும் திரையில் ஒரு துளி தள்ளித்தான் உட்காரும். அதையும் சரி செய்யாமல் திரையை நம்ப முடியாது. அதற்கு அவள் ஒரு சாண் நீளமுள்ள வயர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெட்டியிலிருந்து சத்தம் வெளியே போகிற துளையில் ஒரு முனை, உள்ளே வருகிற துளையில் இன்னொரு முனை. கணினி ஒரு டிக் அனுப்பும், அதே டிக் சுற்றித் திரும்பி வரும், போனதற்கும் வந்ததற்கும் உள்ள இடைவெளிதான் மிஷினின் தாமதம். அந்த எண்ணைப் போட்டுவிட்டால் கணினி தன் தப்பைத் தானே கழித்துக்கொள்ளும்.

"அதுக்கப்புறம் கோட்ட விட்டுத் தள்ளி வுழுந்தா, அது மிஷின் இல்லண்ணா, நீங்கதான்" என்றாள் சிரித்துக்கொண்டே. அவளுக்கு என் கை விஷயம் தெரியும், ஆனால் நான் எதற்காக அளக்கிறேன் என்பது தெரியாது.

அந்த வயரைக் கொண்டுவந்து மேஜை டிராயரில் போட்டேன். இரண்டு வாரம் அங்கேயே கிடந்தது. ரயிலில் கேட்டபோது கரெண்டு போய்விட்டது என்றேன். வீட்டில் மனைவி ஆச்சா என்று கேட்டபோது, இன்னும் கொஞ்சம் லேட்டு இருக்குது என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். பண்டிகைக்கு எட்டு நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி டிராயரில் கத்தரிக்கோல் தேடும்போது வயர் அகப்பட்டது. இவ்வளவு குட்டையாக இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டாள். நான் மழுப்பிப் பார்த்தேன். அவளிடம் மழுப்பல் செல்லாது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப இத்தச் சொருகுனா தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சிடும்."

"சொருகுங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. சொருகுகிறேன், எப்போது வேண்டுமானாலும் சொருகுகிறேன், இது என் கை, என் கிட்டார், நீ யார் சொல்ல என்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டு, வயரை என் கையில் வைத்தாள்.

சொருகினேன். டிக் போனது, டிக் வந்தது. திரையில் இரண்டு சின்ன முள் போல அவை விலகி நின்றன. இடைவெளியை எண்ணாக்கி அதன் இடத்தில் போட்டேன். மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் நடுவில் வெளிச்சம் தெரியவில்லை. மிஷினில் இனி ஒரு தப்பும் இல்லை. வயரைக் கழற்றிவிட்டுக் கிட்டாரைச் சொருகினேன். முப்பது வருஷமாக வாசிக்கிற ஒரு சாதாரணக் கீர்த்தனையைத் தாளத்தோடு முழுக்க வாசித்து முடித்தேன். வாசிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், என் காதுக்கு மிக நன்றாக இருந்தது.

பிறகு பார்த்தோம். ஒரே கார்டில் இருக்கும்வரை ஒவ்வொரு அடியும் கோட்டின் மேல் அழகாக நின்றது. என் வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்டு மாறி இடது விரல்கள் வேறு கம்பிகளுக்குப் போகும் இடத்தில் மட்டும் அடி கோட்டைத் தாண்டிப் போய் விழுந்திருந்தது. அடுத்த மாற்றத்திலும் அப்படியே. கடைசி வரைக்கும், விடாமல், ஒவ்வொரு மாற்றத்திலும். இடது விரல்கள் யோசித்து முடிக்கிறவரை வலது கை மரியாதையாகக் காத்து நின்றிருக்கிறது, எனக்குத் தெரியாமல். நான் திரையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். குறை சொல்ல எதுவும் மிச்சமில்லை. குடம் இல்லை, வயர் இல்லை, டிரைவர் இல்லை. நான் அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதேன்.

அவள் என் முதுகில் கையை வைத்தாள். பிறகு சொன்னாள்.

"நீங்க ஆஸ்பத்திரில இருந்து வர்றதுக்கு முன்னயே பேசி வெச்சிட்டோம். கிட்டார் எங்க இருக்குதோ அங்கதான் பாட்டு, யாரும் முன்னால போவக் கூடாதுன்னு. டீச்சரம்மா மொத நாளு நாக்கக் கடிச்சிக்கினு பாடினாங்க."

"ஐயாவுக்குத் தெரியுமா?"

"அவருதான் சொன்னாரு."

முதலில் எனக்கு மறுபடி கோபம்தான் வந்தது. முப்பது பேர் சேர்ந்து ஒரு வருஷமாக என்னைக் குழந்தையாக்கி நடை பழக்கியிருக்கிறார்கள். யார் இவர்களைக் கேட்டது? பிறகு அந்த டீச்சரை நினைத்துப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க ஓடிய குரல், ஒவ்வொரு வரியிலும் என் மோதிர விரலுக்காக நின்று நின்று போயிருக்கிறது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் போதகரிடம் போய்ச் சொன்னேன். அறுப்பின் பண்டிகைக்கும் கேரலுக்கும், இத்தனை நாள் என் கிட்டாரோடு சேர்ந்து கீபோர்டு வாசித்த அம்மாவே வாசிக்கட்டும், நான் ஆண்களின் மேல்குரலான டெனர் வரிசையில் நின்று பாடுகிறேன் என்றேன். ரெஸ்ட் என்ற வார்த்தையை நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். எப்போதும் போலக் காப்பி கொடுத்தார்.

அன்று மத்தியானம் மேஜை முன்னால் உட்கார்ந்தபோது கிட்டாரை எடுக்கவில்லை. மைக் ஒன்றைச் சொருகி, தாளத்தை ஓடவிட்டு, பண்டிகைக்குப் பாட இருந்த கீர்த்தனையின் டெனர் வரியைப் பாடிப் பதிந்தேன். திரையில் என் குரல் ஒவ்வொரு இடத்திலும் கோட்டின் மேல் நின்றது. கார்டு மாறும் இடத்திலும். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை! எனக்கு அது பெரிய ஆறுதல். எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டு என்பதால் குழு பயிற்சிக்குக் கூடவில்லை. அந்த வாரம் முழுக்க ரயிலில் வாய்க்குள் பாடிக்கொண்டே போனேன். ஜன்னலுக்கு வெளியே பாறையும் தைல மரமும் ஓட, கண்ணை மூடினால் டிக் டிக்கென்று கோடுகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் மேலும் சரியாகக் கால் வைத்து நடந்தேன். இனி யாரும் எனக்காக நிற்க வேண்டியதில்லை, அவர்களை விடுதலை செய்துவிட்டேன் என்று பெருந்தன்மையாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

பண்டிகை அன்று பீடத்தைச் சுற்றிப் பூசணிக்காயும் தேங்காய்க் குலையும், தூணுக்குத் தூண் கரும்பும் கட்டியிருந்தார்கள். கோயிலே பச்சை வாசனை அடித்தது. கிட்டார் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டெனர் வரிசையில் நின்றேன். ஆல்ட்டோ வரிசையில் என் மனைவி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீபோர்டு அம்மா தொடங்கினார். முதல் வரி எடுத்தோம். கார்டு மாறும் இடம் வந்தது. நான் கோட்டின் மேல் கால் வைத்தேன்.

என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

கோயில் முழுக்கக் கேட்டது. டீச்சர் இல்லை, பேஸ் இல்லை, கீபோர்டு அம்மாகூட இல்லை. அத்தனை பேரும் ஒரு துளி நின்றார்கள். வாசிக்க யாருமில்லாத இடத்தில், வராத என் விரல் வந்து சேர்வதற்காக நின்றார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து வந்தார்கள். அவர்கள் வந்தபோது நான் ஏற்கெனவே போய்விட்டிருந்தேன். முன் பெஞ்சில் இரண்டு பேர் யாரடா இது தப்பாகப் பாடுவது என்று திரும்பிப் பார்த்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. நிற்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஒரு வருஷம் நின்று நின்று, அந்தப் பாட்டே இப்போது அப்படித்தான் ஆகியிருந்தது.

எனக்குப் புத்தகத்தில் எழுத்து தெரியவில்லை. ஆனால் அடுத்த வரி எனக்கு மனப்பாடம். மெதுவாக எடுத்தேன். கார்டு மாறும் இடம் வந்தபோது நானும் நின்றேன். அவர்கள் வந்தார்கள். சேர்ந்து போனோம்.